நிலவறை இல்லாத வீட்டில் ஒயினை எங்கே வைப்பது?

கேள்வி: சிங்கப்பூரின் பொங்கோலில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், பதினோராம் மாடியில் குடியிருக்கிறோம். எங்கள் மகள் 2016இல் பிறந்தவள். அவளுடைய 21ஆவது பிறந்தநாளில் திறக்க வேண்டும் என்று, அதே ஆண்டு விளைச்சலில் செய்த, பிரான்சின் போர்டோ வட்டாரத்துப் போயாக் பகுதிச் சிவப்பு ஒயினில் இரண்டு போத்தல்கள் வாங்கி, எட்டு மாதங்களாக வீட்டின் பாம் ஷெல்டரில் (குண்டுவீச்சிலிருந்து காக்கும் அறையில்) படுக்கவைத்திருக்கிறேன். சுவர் கனமாக இருக்கிறது, வெளிச்சமும் வராது என்பதால் நிலவறைக்கு ஈடாகும் என்று நினைத்தேன். இவை தவிர, அன்பளிப்பாக வந்த ஆஸ்திரேலிய ஷிராஸ் சிவப்பு ஒயின் ஆறு போத்தல்கள், எல்லாம் திருகுமூடி போட்டவை, சமையலறையில் குளிர்பதனப் பெட்டியின் மேல் நிற்கின்றன. ஒரு ஷாம்பெயின் ஓராண்டாகக் குளிர்பதனப் பெட்டிக்குள் கிடக்கிறது. ஒயினுக்கென்று தனிக் குளிர்பெட்டி வாங்கலாமா? வாங்கினால் அதை ஷெல்டருக்குள்ளேயே வைத்துவிடலாமா? திறந்த போத்தல் எத்தனை நாள் தாங்கும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் முதலில் கவனிக்க வேண்டியவை குளிர்பதனப் பெட்டியின் மேல் நிற்கும் ஆறு போத்தல்கள்தாம். இதைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திராமல் அவற்றைக் கீழே இறக்கிவிடுங்கள். குளிர்பதனப் பெட்டி தன் உள்ளிருந்து எடுக்கும் வெப்பம் முழுவதையும் பின்புறமாகவும் பக்கவாட்டிலும் வெளியே தள்ளுகிறது. அந்தச் சூடு மேலெழுந்து, பெட்டிக்கும் மேல் அலமாரிக்கும் இடையிலுள்ள குறுகிய வெளியில் போக வழியின்றித் தங்குகிறது. அருகில் அடுப்பும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வீட்டில் ஒயின் வைப்பதற்கு அதைவிட மோசமான இடம் வேறில்லை. ஆனால் நான் போய்ப் பார்த்திருக்கும் வீடுகளில் பெரும்பாலும் ஒயின் இருப்பது அங்கேதான், ஏனென்றால் வேறெதற்கும் பயன்படாமல் காலியாகக் கிடப்பது அந்த இடம் ஒன்றே.

இனி ஷெல்டர். 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் இருக்கும் அந்த அறையைப் பார்க்கிறவர்களுக்கு நிலவறையின் நினைவு வருவது இயல்புதான். கனத்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, சன்னல் கிடையாது. ஒயினுக்கு வேண்டிய இருட்டு, அசைவின்மை, ஈரப்பதம் ஆகிய மூன்றும் அங்கே உண்டு. இல்லாதது குளிர்ச்சி, அது இல்லாத இடத்தில் மற்ற மூன்றும் இருந்தும் பெரிய பயனில்லை. கனமான சுவர் வெப்பத்தை உண்டாக்குவதும் இல்லை, குளிர்ச்சியை உண்டாக்குவதும் இல்லை. பகலின் ஏற்றத்தையும் இரவின் இறக்கத்தையும் தேய்த்துச் சமமாக்கி, கட்டடத்தின் சராசரி எதுவோ அதில் அறையை நிறுத்துகிறது. சிங்கப்பூரில் அந்தச் சராசரி 28 பாகை செல்சியஸை ஒட்டியது. மேற்கு வெயில் படும் பக்கமாக இருந்தால் அதற்கும் மேலே போகும். நான் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அதிக அளவையும் குறைந்த அளவையும் பதிந்துவைக்கும் மின்னணு வெப்பமானி ஒன்றை வாங்கி, போத்தல்களுக்கு அருகில் தரையில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். 28க்கும் 30க்கும் இடையில் ஏதோ ஓர் எண்ணில் அது அசையாமல் நிற்கும் என்றே எதிர்பார்க்கிறேன்.

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். நிலத்துக்கு அடியில் போனால் குளிரும் என்று நாம் நம்புகிறோம். ஒரு வீட்டின் உயரத்தைவிட ஆழமாகத் தோண்டினால் மண்ணின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாறாமல் நிற்கும் என்பது உண்மை. ஆனால் அது நிற்கும் அளவு, அந்த ஊர்க் காற்றின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியதே. பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்தில் சுண்ணப்பாறையைக் குடைந்து அமைத்த நிலவறைகள் கோடையிலும் பனிக்காலத்திலும் 10 முதல் 12 பாகையில் இருப்பதற்குக் காரணம், அந்த ஊரின் சராசரியே அவ்வளவு குறைவு என்பதுதான். பொங்கோலில் பூமிக்குள் முப்பது அடி தோண்டினாலும் உங்களுக்குக் கிடைப்பது 28 பாகையில் ஓர் ஈரக் குழி. ஆகவே பதினோராம் மாடியில் இருப்பதால் எதையோ இழந்துவிட்டதாக எண்ண வேண்டாம். புக்கிட் தீமாவில் தரைவீடு கட்டி, அடித்தளத்தில் அழகான ஒயின் அறை அமைத்திருப்பவரும் குளிர்விக்கும் இயந்திரத்தின் தயவில்தான் அதை நடத்துகிறார். இந்தத் தீவில் இயற்கையான நிலவறை என்று ஒன்று யாருக்கும் கிடையாது. மின்சாரம் கொடுத்துக் குளிர்ச்சி வாங்குவது, அல்லது வைத்துக் காப்பதற்கான தேவையையே குறைத்துக்கொள்வது, இவ்விரண்டில் ஒன்றைத்தான் நாம் தேர்ந்தெடுக்க முடியும். இரண்டாவது வழி மலிவானது என்பதால் அதையே முதலில் பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வெப்பம் ஒயினை இரண்டு விதமாகத் தாக்குகிறது. ஒன்று வெறும் இயற்பியல். தக்கையிட்ட 750 மில்லிலிட்டர் போத்தலில், தக்கையின் அடிப்பக்கத்துக்கும் ஒயினுக்கும் நடுவே நான்கைந்து மில்லிலிட்டர் அளவுக்கு மட்டுமே காலியிடம் விடப்பட்டிருக்கும். வெப்பநிலை 20இலிருந்து 30க்கு ஏறினால் ஒயின் ஏறக்குறைய 2 மில்லிலிட்டர் விரிகிறது. கேட்பதற்கு ஒரு தேக்கரண்டியில் பாதிகூட இல்லை. ஆனால் அங்கே அடைபட்டிருக்கும் காற்றின் இடத்தில் பாதியை அது பறித்துக்கொள்வதால் உள்ளழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. தக்கை மெல்ல மேலே நகரும், அல்லது ஓரமாக ஒயின் கசியும். பிறகு குளிரும்போது ஒயின் சுருங்க, அதே வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடி, பகலில் அணைக்கப்படும் படுக்கையறையில் இது ஒவ்வொரு நாளும் நடக்கிறது. எனவேதான், குளிர்சாதன அறையின் அலமாரியில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் உற்சாகமாகத் தலையாட்டுவதில்லை. குளிர்சாதனம் இடைவிடாமல் ஓடும் அறையாக இருந்தால் வேறு கதை. அந்த மின்கட்டணத்தில் நல்ல ஒயின் குளிர்பெட்டியே வாங்கிவிடலாம்.

மற்றொன்று வேதியியல். வெப்பநிலை 10 பாகை உயரும்போது வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. அந்தக் கணக்கின்படி 13 பாகையில் இருக்க வேண்டிய ஒயின் 29 பாகையில் மும்மடங்கு விரைவாக மூப்படைய வேண்டும். அப்படியானால் ஏழாண்டில் இருபத்தோராண்டு முதிர்ச்சியைப் பெற்றுவிடலாமே என்று சிலர் குறும்பாகக் கேட்பதுண்டு. அவ்வாறு நடப்பதில்லை, ஏனெனில் எல்லா வினைகளும் ஒரே விகிதத்தில் விரைவதில்லை. சென்னைக் கோடையில் வெளியே விட்ட இட்லி மாவு சீக்கிரம் புளிப்பதோடு நிற்காமல், வேறு விதமாகவும் புளித்துப்போவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். சூட்டில் கிடந்த சிவப்பு ஒயினிலும் பழத்தின் மணம் முதலில் போகும்; வேகவைத்த உலர்திராட்சையின் வாடை வரும்; நிறம் ஓரத்தில் பழுப்பேறும்; பாதுகாப்புக்காகச் சேர்க்கப்பட்ட கந்தக டை ஆக்சைடும் விரைவாகத் தீர்ந்துபோகும். நிதானமாக முதிர்ந்த ஒயினின் சிக்கலான மணம் அதில் வருவதே இல்லை.

வெளிச்சத்தைப் பற்றி உங்களுக்குக் கவலை வேண்டாம். ஷெல்டரில் அது இல்லை. வெயிலும் சில வகை விளக்கொளியும் நிறமற்ற கண்ணாடிப் போத்தலிலுள்ள வெள்ளை ஒயினையும் ஷாம்பெயினையும் மிக விரைவில் கெடுத்து, வேகவைத்த முட்டைக்கோஸ் போன்ற நாற்றத்தை உண்டாக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நிறமற்ற போத்தலில் வரும் கிறிஸ்டல் ஷாம்பெயினைப் பொன்னிற மெல்லுறையில் சுற்றி விற்பது அழகுக்காக மட்டும் அன்று. புற ஊதாக் கதிரைத் தடுக்கவே அந்த உறை. அப்படிப்பட்ட போத்தலைக் குடிக்கும் நாள்வரை உறையைக் கழற்றாதீர்கள். அதிர்வு குறித்துப் பலர் அஞ்சுகிறார்கள். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் அதிர்வு, சில ஆண்டுகளுக்குள் குடித்துவிடப்போகும் ஒயினை ஒன்றும் செய்துவிடாது என்பதே என் கருத்து.

ஈரப்பதத்தைப் பற்றி ஐரோப்பிய நூல்களில் எழுதியிருப்பதை இங்கே தலைகீழாகப் படிக்க வேண்டும். தக்கை காய்ந்துவிடாமலிருக்க 60 முதல் 75 சதவீத ஈரப்பதம் வேண்டும், பற்றாவிட்டால் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள் என்று அவர்கள் சொல்வார்கள். நம் காற்றில் சராசரியே 80 சதவீதத்துக்கு மேல். இங்கே தக்கை காய்வதில்லை. முகப்புச்சீட்டுதான் பூஞ்சை பிடித்து உரிகிறது. ஒயினின் சுவைக்கு அதனால் கேடில்லை என்றாலும், மகளின் பிறந்தநாளன்று மேசையில் வைக்கப்போகும் போத்தலுக்கு முகம் வேண்டுமல்லவா? சமையலறையில் காய்கறிக்குச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் போதும்.

படுக்கவைப்பதா, நிறுத்திவைப்பதா என்பதற்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். தக்கையிட்ட சிவப்பு ஒயினைப் பல ஆண்டுகள் வைப்பதானால் படுக்கவைப்பதே மரபு. போத்தலுக்குள் இருக்கும் காற்றே போதிய ஈரமுடையது, எனவே நிறுத்திவைத்தாலும் தக்கை காயாது என்று தக்கைத் துறை ஆய்வாளர்கள் சிலர் அண்மைக் காலமாக வாதிடுகிறார்கள். படுக்கவைப்பதில் நட்டமில்லை என்பதால் நான் பழைய வழியையே பின்பற்றுகிறேன். திருகுமூடிக்கு இந்தக் கேள்வியே எழாது. ஷாம்பெயினை நிறுத்தியே வைக்கலாம். போர்ட், மதீரா போன்ற மது செறிந்த ஒயின்களையும் நிறுத்தியே வைக்க வேண்டும். விதிவிலக்கு, போத்தலிலேயே முதிர வேண்டிய விண்டேஜ் போர்ட் மட்டுமே.

இப்போது உங்கள் ஒன்பது போத்தல்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உலகில் விற்கப்படும் ஒயினில் மிகப் பெரும்பகுதி, வாங்கிய ஓரிரு ஆண்டுகளுக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. வைத்திருந்தால் ஏறும் என்ற பெருமை சிறிய பகுதிக்கு மட்டுமே உரியது. உங்கள் ஷிராஸ் எந்த ஊரினது என்று நீங்கள் எழுதவில்லை. அன்பளிப்பாக ஆறு போத்தல் ஒன்றாக வந்திருப்பதைப் பார்த்தால் பேரங்காடியில் கிடைக்கும் தரமாகவே இருக்கும் என்று ஊகிக்கிறேன். அவ்வாறாயின் அவற்றைச் சேமிப்பது குறித்து யோசிப்பதே வீண். ஷெல்டரின் தரையில் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுவையுங்கள். தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் விருந்தினருக்குத் திறந்து, ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சில மாதங்களுக்கு ஷெல்டர் போதுமானதே. ஆண்டுகளுக்குத்தான் அது ஆகாது. ஏற்கெனவே சூடு பட்டிருப்பதால் முதலில் ஒன்றைத் திறந்து சுவைத்துப் பாருங்கள். தட்டையாகவும் ஜாம் போன்ற இனிப்பு வாடையோடும் இருந்தால் மீதியைச் சமையலுக்கு ஒதுக்கிவிட்டு மறந்துவிடலாம்.

ஷாம்பெயினில் ஆண்டு குறிப்பிடப்படவில்லை என்றால் அது பல ஆண்டு விளைச்சலைக் கலந்து செய்தது. கடைக்கு வரும்போதே குடிக்கத் தயாரானது. குளிர்பதனப் பெட்டியில் ஓராண்டு கிடந்ததால் அது கெட்டிருக்க வாய்ப்பில்லை, இன்னும் ஓராண்டு காத்திருந்தால் சிறக்கப்போவதும் இல்லை. பெட்டியின் கதவில் நின்றுகொண்டிருக்கிறது என்றால், திறக்கும்போதெல்லாம் வெளிச்சமும் சூடான காற்றும் பட்டுக்கொண்டிருக்கும். ஏதாவது நல்ல செய்தி வரும் முதல் நாளிலேயே திறந்துவிடுங்கள். உறைபெட்டியில் மட்டும் வைத்து மறந்துவிடாதீர்கள். ஒயின் ஏறக்குறைய -5 பாகையில் உறையத் தொடங்கி, விரிந்து, தக்கையையோ கண்ணாடியையோ உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

மீதமிருப்பவை அந்த இரண்டு போயாக். உண்மையில் உங்கள் கடிதம் முழுவதும் இவற்றுக்காகத்தான். முகப்புச்சீட்டில் வெறுமனே போர்டோ என்று மட்டும் இருந்திருந்தால், 21 ஆண்டு ஆசையை இப்போதே கைவிடுங்கள் என்று எழுதியிருப்பேன். போயாக்கின் நல்ல ஷாட்டோக்களிலிருந்து, அதாவது ஒயின் பண்ணைகளிலிருந்து, வரும் ஒயினுக்கு இருபதாண்டு என்பது பெரிய வயதன்று; கபெர்னே சவிஞ்ஞோன் திராட்சையின் துவர்ப்பும் புளிப்பும் அதைத் தாங்கும். 2016 போர்டோவில் மிகச் சிறந்த ஆண்டுகளுள் ஒன்றாக எல்லோராலும் மதிக்கப்படுவது. மகள் நல்ல ஆண்டில் பிறந்திருக்கிறாள். 2037இல் திறக்கும் எண்ணம் நியாயமானதே, ஆனால் 13 பாகையில் வைத்திருந்தால்.

எட்டு மாதத்தில் என்ன ஆகியிருக்கும் என்பதை ஓரளவு வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். போத்தலை நிமிர்த்தி, பின்னால் கைபேசி விளக்கைப் பிடித்துப் பாருங்கள். இத்தனை இளமையான ஒயினில் மட்டம் கழுத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். தோள்பகுதியை நோக்கி இறங்கியிருந்தால் கசிந்திருக்கிறது. பிறகு தக்கையை மூடியிருக்கும் உலோக உறையின் மேற்பகுதியைக் கட்டைவிரலால் தடவுங்கள். தக்கை உள்ளிருந்து தள்ளப்பட்டிருந்தால் உறையின் தலை சமமாக இல்லாமல் சற்றே மேடாகத் தட்டுப்படும். உறையின் கீழ் விளிம்பு பிசுபிசுவென்று இருந்தாலோ, கழுத்தில் சிவப்புக் கோடு காய்ந்திருந்தாலோ ஐயமே இல்லை. இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் தக்கை தாங்கியிருக்கிறது, காற்று புகவில்லை என்ற அளவுக்கு ஆறுதல் கொள்ளலாம். உள்ளே நடந்த வேதிவினையை மட்டும் வெளியிலிருந்து பார்க்க முடியாது.

பார்த்து முடித்தவுடன் இரண்டையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில், காய்கறி அறைக்குள் படுக்கவையுங்கள். நான்கைந்து பாகைக் குளிரும், உறைபனி படியாத பெட்டிகளின் உலர்ந்த காற்றும் சிவப்பு ஒயினுக்கு உகந்தவை அல்ல என்று எங்கும் எழுதியிருப்பார்கள், அது சரிதான். ஆனால் 29 பாகையோடு ஒப்பிடும்போது நான்கு பாகை எவ்வளவோ மேல். ஒயின் அங்கே முதிராமல் உறங்கும். அடியில் பளிங்குத் துகள்கள் சில படியலாம், அவை டார்டாரிக் அமிலத்தின் உப்பு, தீங்கற்றவை. மீன் குழம்பும் பெருங்காய டப்பாவும் பக்கத்தில் இருப்பது சில மாதங்களுக்குப் பொருட்டன்று. ஆண்டுக்கணக்கில் அங்கேயே விட்டுவிடாமல் ஓராண்டுக்குள் நிரந்தரமாக ஒரு முடிவு எடுங்கள்.

அந்த முடிவுக்கு என் யோசனை இது. ஒரு போத்தலை நீங்களும் துணைவியாரும் இப்போதே திறந்து குடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கடையில் வாங்கி ஒரே இடத்தில் கிடந்தவை என்பதால் ஒன்றின் நிலையே மற்றொன்றின் நிலையும். கறுப்புத் திராட்சை வாசமும் வாயைப் பிடிக்கும் துவர்ப்பும் இருந்தால் ஒயின் நலமாக இருக்கிறது. இரண்டாவது போத்தலைக் குளிர்ந்த இடத்துக்கு மாற்றிக் காக்கலாம். மணம் மங்கி, உலர்திராட்சை வாடை வந்துவிட்டது என்றால் இரண்டாவதற்குப் பணம் செலவழித்துக் காவல் போடாதீர்கள். 2016 போயாக் 2037இலும் கிடைக்கும். நல்ல நிலையில் வைத்திருந்த முதிர்ந்த போத்தல்களை விற்கும் வணிகர்கள் சிங்கப்பூரிலேயே இருக்கிறார்கள். விலை இன்றையதைவிடக் கூடுதலாக இருக்கும், ஆனால் இத்தனை ஆண்டுக் குளிர்ச்சிக்கு நீங்கள் கட்டப்போகும் தொகையோடு கூட்டிக் கழித்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு வராது. உங்கள் கையாலேயே காத்த போத்தல் என்ற மனநிறைவுக்கு விலை போட என்னால் முடியாது, அதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

வாடகைக்குக் குளிரூட்டிய கிடங்கில் வைப்பது இன்னொரு வழி. நான் பணியாற்றுவது அத்தகைய கிடங்கில் என்பதால் அதைப் பரிந்துரைப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். பொதுவாகக் கட்டணம் பன்னிரண்டு போத்தல் பெட்டிக் கணக்கில்தான். ஒரு போத்தல் வைத்தாலும் பெட்டி வாடகையே. உங்களைப் போன்றவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பெட்டியைப் பகிர்ந்துகொண்டால் அன்றி, ஓரிரு போத்தலுக்கு அது கட்டுப்படியாகாது.

குளிர்பெட்டி வாங்குவதற்கும் அதே அளவுகோல்தான். ஒன்றிரண்டு போத்தலுக்காக வாங்காதீர்கள். இனி ஆண்டுதோறும் சில நல்ல போத்தல்கள் வாங்கி நான்கைந்து ஆண்டுகள் வைத்துக் குடிக்கும் எண்ணம் வந்துவிட்டது என்றால் மட்டும் வாங்குங்கள். அப்படி வாங்கும்போது விற்பனையாளர் முதலில் காட்டுவது கம்ப்ரசர் இல்லாத, சத்தமில்லாத, மலிவான தெர்மோஎலக்ட்ரிக் வகையாக இருக்கக்கூடும். அதைத் தொடவே வேண்டாம். அந்த வகை, சுற்றியுள்ள அறையின் வெப்பத்தைவிடச் சுமார் 15 பாகைதான் குறைக்க முடியும். 31 பாகை நிலவும் நம் சமையலறையில் நாள் முழுவதும் மூச்சுவாங்கிக்கொண்டு ஓடியும் 13 பாகையை எட்டாது. லண்டனிலோ மெல்பர்னிலோ எழுதப்பட்ட பாராட்டுகளைப் படித்து இதை வாங்கி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கம்ப்ரசர் உள்ளதையே கேளுங்கள். அதிலும், உள்சுவரிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் சிறிய தகட்டில் காலநிலை வகுப்பு என்னவென்று பாருங்கள். N என்று போட்டிருந்தால் 32 பாகை வரை உள்ள அறைக்கும், ST என்றால் 38 வரைக்கும், T என்றால் 43 வரைக்கும் வடிவமைக்கப்பட்டது என்று பொருள். நமக்கு ST அல்லது T வேண்டும். கடையில் அந்தத் தகட்டைக் காட்டச் சொன்னால் சிலர் வியப்பாகப் பார்ப்பார்கள், பொருட்படுத்தாதீர்கள்.

முப்பது போத்தல் கொள்ளும் என்று விளம்பரம் சொன்னால் அது ஒல்லியான, தோள் நிமிர்ந்த போர்டோ வடிவப் போத்தல்களை மட்டும் அடுக்கிய கணக்கு. பர்கண்டி, ஷாம்பெயின் போத்தல்கள் இடை பருத்தவை. அவையும் கலந்தால் இருபத்திரண்டோ இருபத்துமூன்றோதான் நுழையும். சேமிப்பு மட்டுமே நோக்கமென்றால் இரு வெப்பநிலைப் பிரிவுகள் உள்ள பெட்டிக்குக் கூடுதல் பணம் தரத் தேவையில்லை. சிவப்பு, வெள்ளை இரண்டுமே ஒரே 13 பாகையில் நன்றாக இருக்கும். வாங்கி வந்தபின் முகப்பில் ஒளிரும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள், அது உள்ளே சுழலும் காற்றின் அளவு. காலியான ஒயின் போத்தலொன்றில் தண்ணீர் நிரப்பி, சமையலறையில் பயன்படுத்தும் கம்பி வெப்பமானியை உள்ளே விட்டு, நடுத்தட்டில் ஓர் இரவும் பகலும் வைத்தபின் படியுங்கள்; மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் அதேபோல் பாருங்கள். இரண்டு மூன்று பாகை வேறுபாடு சாதாரணம். நீண்ட நாள் வைப்பவற்றைக் குளிர்ந்த தட்டிலும், அடுத்து குடிக்கப்போவதை மற்றதிலும் அடுக்கிக்கொள்ளலாம்.

அதை ஷெல்டருக்குள் வைக்க எண்ணுவது எனக்குப் புரிகிறது, இடம் மிச்சமாகும். ஆயினும் வேண்டாம் என்பதே என் பதில். குளிர்பெட்டி உள்ளிருந்து எடுக்கும் வெப்பத்தை அறைக்குள்தான் கொட்டும். கதவை மூடிவிட்டால் சன்னலில்லாத அந்தச் சிற்றறை சில மணி நேரத்தில் வெதுவெதுப்பாகி, பெட்டி தன்னுடைய சூட்டையே மறுபடி இழுத்துக்கொண்டு திணறும். கதவை எப்போதும் திறந்தே வைப்பதாயின் ஷெல்டரில் வைத்ததன் பயன் என்ன? மேலும் அது குடிமைத் தற்காப்புக்கென்று விடப்பட்ட அறை. அதன் கதவையும் காற்றுத் துளைகளையும் நம் வசதிக்கு மாற்ற விதிகள் இடம் தருவதில்லை. வரவேற்பறையில் நேர் வெயில் படாத மூலையில், தயாரிப்பாளர் கையேட்டில் குறிப்பிட்டிருக்கும் இடைவெளியைச் சுற்றிலும் விட்டு நிறுத்துங்கள். அலமாரிக்குள் பொருத்துவதாயின், முன்பக்கமாகக் காற்றை வெளிவிடும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். கதவின் ரப்பர் விளிம்பை மாதம் ஒருமுறை துடையுங்கள். நம் காற்றின் ஈரம் அங்கே நீராகத் தங்கி, கருப்புப் பூஞ்சை முதலில் அங்கேதான் கால் ஊன்றும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். குளிர்பெட்டியும் வேண்டாம், வாடகையும் வேண்டாம், ஆனாலும் மகள் பிறந்த காலத்து நினைவாக ஏதாவது ஒரு போத்தல் ஆண்டுக்கணக்கில் வீட்டில் இருக்க வேண்டும் என்றால், மதீரா வாங்குங்கள். அட்லாண்டிக் கடலிலுள்ள அந்தப் போர்ச்சுகீசியத் தீவின் ஒயின், பாய்மரக் கப்பல்களில் வெப்பமண்டலத்தைக் கடந்து சென்று திரும்பியபோது கெடுவதற்குப் பதிலாகச் சுவை கூடியிருந்ததைக் கண்ட வணிகர்கள், பிறகு அதை வேண்டுமென்றே சூட்டில் முதிரச் செய்யத் தொடங்கினார்கள். இன்றும் சாதாரண வகைகளை 45 முதல் 50 பாகை வரை சூடாக்கி மூன்று மாதமாவது வைக்கிறார்கள். உயர்ந்த வகைகள் வெதுவெதுப்பான மேல்மாடிகளில் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. உலகின் மற்ற ஒயின்களைக் கொல்லும் வெப்பமும் காற்றும் இதற்கு ஏற்கெனவே பழகியவை. மதுவின் அளவும் 19, 20 சதவீதம். உங்கள் ஷெல்டரின் 29 பாகையை அது பொருட்படுத்தாது. நிறுத்திவைத்து, தக்கையை மட்டும் அவ்வப்போது கவனித்துக்கொண்டால் போதும். இனிப்புச் சுவைக்குப் புவால், மால்ம்சி என்ற பெயர்களையும், இனிப்பில்லாததை விரும்பினால் செர்சியல் என்ற பெயரையும் முகப்புச்சீட்டில் தேடுங்கள்.

கடைசியாக, திறந்த போத்தல். சிவப்போ வெள்ளையோ, மூடியை இறுக்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று முதல் ஐந்து நாள் வரை குடிக்கும்படியாக இருக்கும். வெளியே மேசையில் விட்டால் நம் ஊரில் மறுநாளே களையிழந்துவிடும். பாதிதான் குடிப்பீர்கள் என்று முன்பே தெரிந்தால், திறந்தவுடன் மற்றப் பாதியைச் சுத்தமான சிறிய போத்தலில் விளிம்புவரை ஊற்றி மூடிவிடுங்கள். காற்றுக்கு இடமில்லாததால் ஒரு வாரத்துக்கு மேலும் தாங்கும். சிவப்பைக் குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால், நம் அறை வெப்பத்தில் அது தானாகவே 16, 18 பாகைக்கு வந்துவிடும். ஷாம்பெயினுக்கு அதற்கென்றே விற்கும் பிடிப்பு மூடி வேண்டும், அதைப் போட்டால் இரண்டு மூன்று நாள் நுரைக்கும்; கழுத்தில் கரண்டியைச் செருகி வைப்பதால் ஒரு பயனும் இல்லை. பீப்பாயில் முதிர்ந்த டானி வகைப் போர்ட் ஓரிரு மாதம் இருக்கும். மதீராவைத் திறந்துவிட்டுப் பல மாதங்கள் கழித்துக் குடித்தாலும் அதன் சுவையில் மாற்றம் தெரியாது.